சர்வர் சைடு எம்.டெக்: 3 லட்சம் கட்டுறதுக்கு முன்னாடி சிலபஸைத் திறந்து பாருங்க

போன வாரம் எஜுகேஷன் லோன் வீடியோவுக்குக் கீழே ஒரு தம்பி கேட்ட கேள்விக்கு ரெண்டு வரியில் பதில் சொல்ல முடியலை. அதான் இங்கே விரிவா எழுதுறேன்.

அவர் கேட்டது இது: "அண்ணா, சென்னையில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் மூணு வருஷமா ஜாவா டெவலப்பரா இருக்கேன். கையில் 55,000 வருது. வேலை பார்த்துக்கிட்டே சனி, ஞாயிறு படிக்கிற மாதிரி ஒரு எம்.டெக் இருக்கு. காம்பொனன்ட் பேஸ்டு சர்வர் சைடு டெவலப்மென்ட்தான் அதில் முக்கியமான பாடம். நாலு செமஸ்டர், மொத்தம் 3 லட்சம். லோன் போட்டுச் சேரலாமா? வரியும் மிச்சமாகும்னு சொல்றாங்க."

இதே மாதிரி யோசிச்சுக்கிட்டு இருக்கிறவங்க நம்ம வாசகர்களில் நிறைய பேர் இருப்பீங்க. முதலில் பணக் கணக்கைப் பார்த்துடுவோம், அது சுலபம். கஷ்டமான கேள்வி அதுக்கப்புறம்தான் வருது.

வரி மிச்சம்னு சொல்றது யாருக்கு?

3 லட்சத்தை 11% வட்டியில் மூணு வருஷத்துக்கு எடுத்தால் இஎம்ஐ சுமார் 9,820 ரூபாய். மொத்தம் கட்டுறது 3,53,500 சொச்சம். அதில் வட்டி மட்டும் 53,500 சொச்சம்.

இந்த வட்டிக்குத்தான் 80ஈ பிரிவு. அசலுக்குக் கிடையாது, வட்டிக்கு மட்டும். உச்சவரம்பு இல்லை, கட்ட ஆரம்பிச்ச வருஷத்தில் இருந்து எட்டு வருஷம் வரை கழிச்சுக்கலாம். எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது பழைய வரி முறையில் இருக்கிறவங்களுக்கு மட்டும். கையில் 55,000 வாங்குறவருக்குப் புது வரி முறையில் என்ன வரி வரும்? 2025-26 நிதியாண்டில் இருந்து சம்பளக்காரங்களுக்கு ஸ்டாண்டர்டு டிடக்‌ஷனோட சேர்த்து 12.75 லட்சம் வரைக்கும் வரியே இல்லை. வரியே கட்டாதவருக்கு வரியை எப்படி மிச்சம் பண்றது? இதுக்காகப் பழைய முறைக்கு மாறுறேன்னு யாராவது சொன்னால், கால்குலேட்டரை அவர் கையில் கொடுங்க.

இன்னொரு குழப்பமும் இருக்கு. காலேஜ் ஃபீஸை 80சி-யில் காட்டலாமான்னு கேட்கிறாங்க. 80சி-யில் வர்ற டியூஷன் ஃபீஸ் உங்க பிள்ளைகளோட படிப்புக்கு. நீங்க படிக்கிறதுக்குக் கட்டுற ஃபீஸ் அதில் வராது.

அப்போ வரியை மறந்துடுங்க. மாசம் 9,820 மூணு வருஷத்துக்குப் போகுது. 55,000-ல் அது கிட்டத்தட்ட 18%. இந்தப் படிப்பு அந்த மூணு வருஷத்தில் போட்ட காசை எடுக்கணும்னா, இந்தப் படிப்பால் மட்டும் கையில் அவ்வளவு கூட வரணும். "மட்டும்"னு சொல்றதைக் கவனிங்க. மூணு வருஷ அனுபவம் இருக்கிறவர் கம்பெனி மாறினாலே சம்பளம் ஏறும். அந்த ஏற்றத்தையும் எம்.டெக் கணக்கில் எழுதிக்கிட்டு "பாருங்க, காசு திரும்பி வந்துடுச்சு"ன்னு சொல்றது நம்மை நாமே ஏமாத்திக்கிறது.

வேலையை விட்டுட்டு முழுநேரமா படிச்சா? 24 மாசச் சம்பளம் 13.2 லட்சம் போகும். கேட் எழுதி உதவித்தொகை கிடைச்சால் மாசம் 12,400, ரெண்டு வருஷத்துக்கு 2,97,600 வரும். மீதி 10 லட்சத்துக்கு மேல் இழப்பு, ஃபீஸ் தனி. ஆராய்ச்சிக்குப் போறவங்களுக்கும் பெரிய கல்லூரியில் கேம்பஸ் பிளேஸ்மென்ட் எதிர்பார்க்கிறவங்களுக்கும் அது வேற கணக்கு. இந்தத் தம்பிக்கு அது தேவையில்லை.

சரி, பணக் கணக்கு இவ்வளவுதான். இப்போ அந்தப் பாடத்துக்குள்ளே என்ன இருக்குன்னு பார்ப்போம். 3 லட்சம் கொடுத்து ஃபிளாட் புக் பண்ணினால் எத்தனை தடவை போய்ப் பார்ப்போம்! படிப்புக்கு மட்டும் பிராஷரோட நிறுத்திடுறோம்.

மோட்டார் யார் போடுறாங்க?

அப்பார்ட்மென்டில் குடியிருக்கிறீங்கன்னு வச்சுக்குவோம். மாசம் மெயின்டனன்ஸ் கட்டுறீங்க. தண்ணி வருது, லிஃப்ட் ஓடுது, கேட்டில் வாட்ச்மேன் இருக்கார். மோட்டார் எப்போ போடுறாங்க, சம்ப் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நீங்க உங்க வீட்டைப் பார்த்துக்கிட்டா போதும்.

காம்பொனன்ட் பேஸ்டு சர்வர் சைடு டெவலப்மென்ட்டும் இதே ஏற்பாடுதான். டெவலப்பர் தன்னோட வேலைக்கான துண்டை மட்டும் எழுதுவார். "இந்த அக்கவுன்டில் கழி, அந்த அக்கவுன்டில் கூட்டு", அவ்வளவுதான். டேட்டாபேஸ் கனெக்‌ஷன் யார் திறக்கிறது, ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்தால் யார் வரிசையில் நிறுத்துறது, பாதியில் கரன்ட் போனா எதைத் திருப்பி எடுக்கிறது, யாருக்கு அனுமதி இருக்கு, இதையெல்லாம் கன்டெய்னர்னு ஒண்ணு பார்த்துக்கும். அந்த அசோசியேஷன் வேலையை முதலில் ஜாவா உலகத்தில் செய்ய வந்தது எண்டர்பிரைஸ் ஜாவா பீன்ஸ், சுருக்கமா ஈஜேபி. 1998-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதோட முதல் வடிவத்தை வெளியிட்டது. சாஃப்ட்வேரைத் துண்டு துண்டாச் செய்து கோர்க்கணும்ங்கிற யோசனை அதைவிடப் பழசு. 1968-ல் ஜெர்மனியில் கார்மிஷ் என்ற ஊரில் நடந்த நேட்டோ மாநாட்டிலேயே டக்ளஸ் மெக்கில்ராய் அதைப் பேசிட்டார்.

பழைய ஈஜேபி-யில் ஒரு சின்ன வேலைக்கு ஹோம் இன்டர்ஃபேஸ், ரிமோட் இன்டர்ஃபேஸ், பீன் கிளாஸ், அதுக்கு மேல நீளமா ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல். வீட்டுக்கு ஒரு ஆணி அடிக்க அசோசியேஷனில் நாலு ஃபாரம் வாங்கின மாதிரி. இதைத் தாங்காமல்தான் ராட் ஜான்சன் 2002-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் இருந்த கோடு வளர்ந்து 2004-ல் ஸ்ப்ரிங் 1.0 ஆச்சு. 2006-ல் ஈஜேபி 3.0 தன்னைத்தானே எளிமையாக்கிக்கிட்டது. 2010-ல் சன் ஆரக்கிள் கைக்குப் போச்சு. 2017-ல் ஆரக்கிள் இந்த ஜாவா ஈஈ மொத்தத்தையும் எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனிடம் கொடுக்கிறதா அறிவிச்சது, அடுத்த வருஷம் அதுக்கு ஜகார்தா ஈஈ-ன்னு பேர் மாறிச்சு. 2020-ல் கோடில் இருக்கிற பேக்கேஜ் பேரே "ஜாவாக்ஸ்"-ல் இருந்து "ஜகார்தா"ன்னு மாறிச்சு. 2022 நவம்பரில் வந்த ஸ்ப்ரிங் பூட் 3-ம் அந்தப் புதுப் பேருக்கே போயிடுச்சு. பழைய பாடப்புத்தகத்தில் இருக்கிற ப்ரோக்ராமை அப்படியே டைப் பண்ணினால் இன்னைக்குக் கம்பைல் கூட ஆகாது.

இதை ஏன் வரிசையாச் சொல்றேன்னா, நீங்க கொடுக்கிற 3 லட்சத்தில் எவ்வளவு இந்தப் பேர்களுக்குப் போகுது, எவ்வளவு அடியில் இருக்கிற விஷயத்துக்குப் போகுதுன்னு பிரிச்சுப் பார்க்கணும். பேர்கள் கார் மாதிரி, ஷோரூமை விட்டு வெளியே வந்ததுமே விலை இறங்க ஆரம்பிச்சிடும். அடியில் இருக்கிறது நிலம் மாதிரி.

சும்மா சொல்லலை, ஒரு உதாரணம் பாருங்க. ஸ்ப்ரிங்கில் "ட்ரான்சாக்‌ஷனல்"னு ஒரு அனோட்டேஷன் போட்டால், அந்த மெத்தடில் நடக்கிற எல்லாம் ஒண்ணா நடக்கும், இல்லைன்னா எதுவுமே நடக்காதுன்னுதான் நம்மில் பல பேர் நினைச்சுக்கிட்டு இருக்கோம். இப்போ இப்படி ஒரு கோடு இருக்கு: முதலில் சேவிங்ஸ் அக்கவுன்டில் 5,000 கழிக்குது, அப்புறம் ஆர்டி-யில் கூட்டுறதுக்கு முன்னாடி ஒரு செக்டு எக்ஸெப்ஷன் வந்துடுது. கழிச்ச 5,000 திரும்பி வருமா?

வராது. டீஃபால்டா ஸ்ப்ரிங் ரன்டைம் எக்ஸெப்ஷனுக்கும் எர்ரருக்கும் மட்டும்தான் ரோல்பேக் பண்ணும். செக்டு எக்ஸெப்ஷன் வெளியே போனால், நடந்த வரைக்கும் கமிட் பண்ணிடும். பணம் போச்சு, ஆர்டி-யில் ஏறலை. இது ஏதோ ஸ்ப்ரிங்கில் இருக்கிற பக் இல்லை. ஈஜேபி-யிலேயே இந்த வழக்கம் இருந்தது. அப்ளிகேஷன் எக்ஸெப்ஷனை டெவலப்பர் பார்த்துக்குவார், சிஸ்டம் எக்ஸெப்ஷனைக் கன்டெய்னர் பார்த்துக்கும்னு. ஸ்ப்ரிங் அதே வழக்கத்தை எடுத்துக்கிச்சு. இருபது வருஷத்துக்கு முன்னாடி ஈஜேபி-யை ஒழுங்காப் படிச்சவருக்கு இன்னைக்கும் இது தெரியும். அனோட்டேஷனை மட்டும் மனப்பாடம் பண்ணினவருக்குத் தெரியாது.

இன்னொண்ணு. அதே கிளாசுக்குள்ளேயே ஒரு மெத்தட் இன்னொரு மெத்தடைக் கூப்பிட்டால், ரெண்டாவது மெத்தடில் போட்ட அனோட்டேஷன் சாதாரணமா வேலை செய்யாது. ஏன்னா கன்டெய்னர் வாசலில் ஒரு ப்ராக்ஸி-யை நிறுத்தி வச்சிருக்கு, அதுதான் வாட்ச்மேன். வெளியில் இருந்து வர்றவங்களை நிறுத்தி ட்ரான்சாக்‌ஷனை ஆரம்பிச்சு உள்ளே விடும். வீட்டுக்குள்ளேயே ஹாலில் இருந்து கிச்சனுக்குப் போறவங்களை வாட்ச்மேன் பார்க்க முடியுமா?

மூணாவது, சம்பளம் வர்ற நாள் கதை. ஸ்ப்ரிங் பூட் அப்ளிகேஷனில் சாதாரணமா வர்ற டாம்கேட் சர்வர் டீஃபால்டா 200 த்ரெட் வரை வச்சுக்கும். அதே அப்ளிகேஷனில் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பூல் டீஃபால்டா 10. எதையும் மாத்தாமல் விட்டால், ஒண்ணாம் தேதி காலையில் எல்லாரும் பேலன்ஸ் பார்க்க வரும்போது 200 பேர் 10 குடத்துக்கு நிற்கிற மாதிரி ஆயிடும். மேனேஜர் உடனே சர்வரைப் பெரிசாக்கச் சொல்வார், கிளவுட் பில் ஏறும், குடம் மட்டும் அதே பத்துதான். ஒவ்வொரு ரெக்வெஸ்டும் எவ்வளவு நேரம் குடத்தைக் கையில் வச்சிருக்குன்னு பார்க்கத் தெரிஞ்சவர் கம்பெனிக்கு நேரடியாக் காசு மிச்சம் பண்றார். சம்பளத்தைக் கூட்டிக் கேட்க உங்ககிட்ட இருக்கிற சரக்கு இதுதான். டிகிரி சர்டிஃபிகேட்டை ஃபைலில் வச்சுக் காட்டுறதைவிட இன்டர்வியூவில் இதை விளக்கத் தெரியுறதுக்கு அதிக மதிப்புன்னு நான் நம்புறேன்.

நம்ம பணம் நடுவில் நிற்கும்போது

இதெல்லாம் டெவலப்பர்களுக்கு மட்டும்னு நினைச்சு மத்தவங்க போயிடாதீங்க. யுபிஐ-யில் காசு அனுப்புறீங்க, உங்க அக்கவுன்டில் கழிஞ்சிடுது, எதிராளிக்குப் போகலை. அனுபவிக்காதவங்க இருக்க மாட்டீங்க.

காரணம் மேலே சொன்ன விஷயம்தான். ஒரே டேட்டாபேஸுக்குள்ளே ரோல்பேக் சுலபம். இங்கே ரெண்டு பேங்க், ரெண்டு டேட்டாபேஸ், நடுவில் என்பிசிஐ. ஒரு பக்கம் கமிட் ஆயிடுச்சு, மறுபக்கம் பதில் இல்லை. அப்போ "அழிச்சுட்டேன்"னு சொல்ல முடியாது, திருப்பிக் கொடுக்கிறதுக்குத் தனியா இன்னொரு பரிவர்த்தனை நடக்கணும். இந்த யோசனைக்கு "சாகா"ன்னு பேர், 1987-ல் கார்சியா-மொலினாவும் சேலமும் எழுதின ஆய்வுக் கட்டுரை. இது நம்ம சேலம் இல்லை, கென்னத் சேலம்.

அந்தத் திருப்பிக் கொடுக்கிற வேலைக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் கெடு வச்சிருக்கு. ஒருத்தருக்கு யுபிஐ-யில் அனுப்பின பணம் கழிஞ்சு, அவருக்குப் போய்ச் சேரலைன்னா, அடுத்த நாளுக்குள் தானாகவே திரும்பணும். தாண்டினால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் இழப்பீடு. கடைக்குக் கட்டின பணமா இருந்தால் கெடு அஞ்சு நாள். இழப்பீடு தானா வரலைன்னா கேட்டு வாங்குங்க. ஒரு நல்ல சர்வர் சைடு கோர்ஸ் இந்த இடத்தில்தான் பல வாரம் செலவழிக்கணும்: ஒரே ரெக்வெஸ்ட் ரெண்டு தடவை வந்தால் ரெண்டு தடவை கழிக்காமல் இருக்கிறது எப்படி, பதில் வராத பக்கத்தை என்னன்னு முடிவு பண்றது.

தம்பியோட சிலபஸ்

அவர்கிட்ட சிலபஸ் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். அஞ்சு யூனிட். ரெண்டாவது, மூணாவது யூனிட் முழுக்க ஈஜேபி 2.1, அதிலும் என்டிட்டி பீன். 2006-ல் வேற வழி வந்து, 2013-ல் வெளியான ஜாவா ஈஈ 7-லேயே சர்வர்கள் இதை வச்சிருக்கணும்னு கட்டாயம் இல்லைன்னு ஆன சமாச்சாரம். நாலாவது யூனிட்டில் வெப் சர்வீசஸ். கடைசி யூனிட்டில் "ட்ரான்சாக்‌ஷன்கள், செக்யூரிட்டி"ன்னு ஒரே ஒரு வரி.

நிலம் கடைசி யூனிட்டில் ஒரு வரியா இருக்கு, கார் ரெண்டு யூனிட்டுக்கு நிக்குது. இதுக்கு 3 லட்சம் கொடுக்காதீங்கன்னு சொல்லிட்டேன். பழசைச் சொல்லிக் கொடுக்கிறதே தப்புன்னு சொல்லலை. ஈஜேபி 2-வை வச்சு "கன்டெய்னர் ஏன் இப்படி முடிவு எடுத்துச்சு, எங்க தோத்துச்சு"ன்னு நடத்துற ஆசிரியர் கிடைச்சால் அது அருமையான பாடம். அது சிலபஸில் தெரியாது. அதனால் போன வருஷக் கேள்வித்தாளைப் படிச்ச சீனியர்கிட்ட வாங்குங்க. "என்டிட்டி பீனின் வாழ்க்கைச் சுழற்சியைப் படத்துடன் விளக்குக"ன்னு இருக்கா, இல்லை "இந்த நிலையில் சர்வர் நின்றுபோனால் எந்தக் கணக்கில் எவ்வளவு இருக்கும்"னு இருக்கா? ரெண்டாவது மாதிரி கேள்வி இருந்தால் அந்த டிபார்ட்மென்டை நம்பலாம்.

அங்கீகாரத்தையும் பார்த்துக்கங்க. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதி இல்லாமல் தொலைதூர முறையில் நடத்தின இன்ஜினியரிங் படிப்புகள் பற்றி. படிச்சு முடிச்சு, வேலையில் இருந்தவங்களுக்கே சிக்கல் வந்தது. ஒரு பிரிவினர் மறுபடி தேர்வு எழுத வேண்டிய நிலை, மத்தவங்களுக்குப் பட்டமே ரத்து. வேலையில் இருக்கிறவங்களுக்குன்னே பிட்ஸ் பிலானி மாதிரி இடங்கள் எம்.டெக் நடத்துறாங்க. எங்க சேர்ந்தாலும் அந்தப் படிப்புக்கு, அந்த முறைக்கு அனுமதி இருக்கான்னு எழுத்தில் கேளுங்க. பின்னாடி காலேஜில் லெக்சரர் ஆகணும்னு நினைக்கிறவங்களுக்கு எம்.இ. அல்லது எம்.டெக் கட்டாயம் வேணும், அவங்க இதில் ரெண்டு மடங்கு கவனமா இருக்கணும். கம்பெனி ஃபீஸ் கட்டுதுன்னா சந்தோஷம்தான், பாண்டு எத்தனை வருஷம், நடுவில் விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்டணும்ங்கிற பக்கத்தைக் கையெழுத்துக்கு முன்னாடி படிச்சுடுங்க.

"அப்போ ஃப்ரீயாவே படிச்சுடலாமே"ன்னு கேட்பீங்க. படிக்கலாம். எம்ஐடி-யில் ராபர்ட் மோரிஸ் 2020-ல் நடத்தின டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் வகுப்பு முழுசா யூடியூபில் இருக்கு. ஸ்ப்ரிங் டாக்குமென்டேஷனும் ஜகார்தா ஈஈ டுடோரியலும் இலவசம். மார்ட்டின் க்ளெப்மேன் 2017-ல் எழுதின புத்தகம் ஒண்ணு, டேட்டாவைக் கையாளுற சிஸ்டங்கள் பற்றி, ஒரு தடவை ஹோட்டலுக்குப் போற காசுக்குக் கிடைக்கும். ஆனா உண்மையைச் சொல்லணும்னா, இலவச வகுப்பில் மூணாவது வீடியோவைத் தாண்டினவங்க நம்மில் எத்தனை பேர்? நான் ரெண்டு தடவை அதே இடத்தில் நின்னிருக்கேன். 3 லட்சத்தில் ஒரு பெரிய பங்கு, அசைன்மென்ட் கெடுவுக்கும் எக்ஸாம் பயத்துக்கும் கொடுக்கிற விலை. அது கேவலமான செலவு இல்லை, தேவைப்படுறவங்க இருக்காங்க.

அதனால் தம்பிகிட்ட ஒரு ஏற்பாடு சொன்னேன். 3 லட்சத்தை 24 மாசத்தால் வகுத்தால் 12,500. அவசரகால நிதி ஏற்கனவே இருக்குன்னு சொன்னார், அதனால் இது முடியும். அடுத்த மூணு மாசம் சேராமலேயே, சேர்ந்த மாதிரி மாசம் 12,500-ஐத் தனி சேவிங்ஸ் அக்கவுன்டில் போடணும். வாரம் பத்து மணி நேரம், அதே சனி, ஞாயிறு, அந்த இலவச வகுப்பைப் படிக்கணும், லேப் அசைன்மென்டோட சேர்த்து. ஆபீஸ் ப்ராஜெக்டில் கனெக்‌ஷன் பூல் எவ்வளவு, ட்ரான்சாக்‌ஷன் எங்கெங்க உடையுதுன்னு ஒரு நோட்டில் எழுதணும். மூணு மாசம் தாக்குப்பிடிச்சா, காலேஜ் இல்லாமலே படிக்கிற ஆள்னு அவருக்கே தெரிஞ்சிடும், கையில் 37,500-ம் இருக்கும். முடியலைன்னா, கெடு வச்சுத் துரத்துற ஆள் தேவைன்னு தெரிஞ்சிடும். அப்போ நல்ல கேள்வித்தாள் இருக்கிற காலேஜாப் பார்த்து அடுத்த அட்மிஷனில் சேரலாம், முதல் செமஸ்டர் 75,000-ல் பாதி ரெடி, லோனும் அந்த அளவுக்குக் குறையும்.

நேத்து ராத்திரி பதில் போட்டிருந்தார். முதல் மாசம் 12,500 போட்டாச்சாம். அதைவிட எனக்குப் பிடிச்சது அடுத்த வரி: அவங்க ப்ராஜெக்டில் பூல் சைஸ் என்னன்னு டீமில் கேட்டிருக்கார், ஆறு பேரில் ஒருத்தருக்கும் தெரியலையாம். ஃபைலைத் திறந்து பார்த்தா, 10.